மார்க் குறைந்ததற்குக் காரணம்

ஜூலை 3, வியாழன்

மார்க் வந்துவிட்டது. தகுதிக் கோட்டுக்கு ஒரு முடி அளவு மேலே. போன முறையைவிடக் கூடுதல்தான். அதற்கு முந்தைய முறையைவிடவும் கூடுதல். இந்த வேகத்தில் போனால் ரிட்டையர் ஆகிற வயதில் நல்ல மார்க் வாங்கிவிடுவேன். ஆனால் மேற்படிப்புக்கு மூன்று முறைதான் விண்ணப்பிக்க விடுகிறார்கள். இது மூன்றாவது. இந்த முறையும் சர்ஜரியில் இடம் கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் இதே எமர்ஜென்சி, இதே டியூட்டி டாக்டர் வேலை. பிறத்தியார் ஆபரேஷனுக்கு ஆளை அனுப்பிவிட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

காலையில் ஒரு பிளம்பர் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு வந்தார். தைத்தேன். எங்கள் சர்ஜன் மேடம் வந்து எட்டிப் பார்த்து, “தையல் மெஷின் தோத்துடும் போ” என்றார். பிறகு மார்க் கேட்டார். சொன்னேன்.

“உன் கையைப் பரீட்சை எழுத அனுப்பியிருக்கணும். தலையை எதுக்கு அனுப்பினே?”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “பாஸா?” என்றாள். பாஸ். “அப்புறம் என்ன மூக்கை உறிஞ்சிக்கிட்டு? அப்ளிகேஷன் போடு.”

ஜூலை 8, செவ்வாய்

அம்மாவுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் வாரத்துக்கு இந்த மூன்று கிழமைகள்தான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எப்போது எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் பெரும்பாலும் நான்தான் கூட்டிப்போவேன். எனக்கு டியூட்டி இருந்தால் அப்பா. ஆனால் மெஷினில் இருக்கும்போது அம்மாவுக்குத் திடீரென்று பிரஷர் இறங்கும், உடனே டெக்னீஷியன் என்னைத்தான் போனில் கூப்பிடுவார். பக்கத்திலேயே அங்கே ஒரு டாக்டர் இருப்பார். இருந்தாலும் எனக்குத்தான் அடிப்பார். “உங்க குரலைக் கேட்டாத்தான் எனக்குக் கை ஓடுது டாக்டர்” என்பார். தையல் போட்டுக்கொண்டிருந்தாலும் எடுத்துவிடுவேன். எடுக்காமல் இருக்க முடிந்ததே இல்லை.

இன்று பக்கத்துப் படுக்கைக்காரர், “என்ன டெலிபோன் மேடம், இன்னிக்குக் கேள்வி-பதில் கிடையாதா?” என்று கேட்டார். பரீட்சை முடிந்துவிட்டது என்றாள் அம்மா. அவருக்கு ஏமாற்றம்.

அம்மா ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். ஊசி இல்லாத கையில் என் வினா வங்கிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரலிலேயே கேட்பாள். “ஆப்ஷன் பி-யா? உறுதியா? லைன்ல இருங்க, பார்த்துச் சொல்றேன்.” வார்டே சிரிக்கும். தப்பாகச் சொன்னால், “மன்னிக்கணும், நீங்கள் அழைத்த எண் தவறு.”

நான் உருப்படியாகப் படித்ததே அந்த வார்டில்தான். இப்போது வந்திருக்கும் மார்க்கில் பாதி அவளுடையது. காலேஜில் மூன்றாம் வருஷம் பெயிலானபோது அவள் கிட்னி ரெண்டும் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருந்தன. நாலு விடையில் ரெண்டு சரி மாதிரியே தெரியும் எனக்கு, எப்போதும். அவ்வளவுதான் விஷயம்.

ஜூலை 12, சனி

கண்ணாடி வந்திருந்தாள். என் வகுப்புத்தோழி; தடிமனான கண்ணாடி போட்டிருப்பதால் காலேஜில் வைத்த பட்டப்பெயர். முதல் முறையிலேயே ரேடியாலஜி கிடைத்தவள். இப்போது நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கெல்லாம் இவள்தான் ஆலோசகர்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: ‘மதிப்பெண் குறைவாக இருப்பின் விளக்கம்’. அதை நான் காலியாக விட்டிருந்தேன். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இதுலதான்டி உன் பிழைப்பே இருக்கு. இன்டர்வியூவிலயும் முதல் கேள்வி இதுதான் வரும். என்ன சொல்லுவே? ‘தெரியல சார், நான் மக்கு’ன்னா?”

“வேற என்ன சொல்றது?”

“உங்க வீட்ல காரணம் கட்டில்ல படுத்திருக்கு. எடுத்துச் சொல்லு.”

வாயை மூடு என்றேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. “நான் என்ன பொய்யா சொல்லச் சொல்றேன்? அம்மாவுக்கு டயாலிசிஸ். உண்மை. உனக்கு மார்க் கம்மி. அதுவும் உண்மை. நடுவுல ஒரு ‘அதனால’ போடு. வேற ஒண்ணும் வேண்டாம்.”

போட மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். காலிக் கட்டத்தோடு எட்டு இடத்துக்கு விண்ணப்பித்தாயிற்று.

ஜூலை 29, செவ்வாய்

இன்னும் இரண்டு ‘வருந்துகிறோம்’. ரொம்பத்தான் வருந்துகிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எட்டும் போயிற்று. ஒருவர்கூட நேரில் வரச் சொல்லவில்லை.

மேடம் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தை யாராவது படித்தார்களா? மார்க்கைப் பார்த்ததுமே ஓரமாகப் போட்டிருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். தினம் பார்க்கிறேனே, எமர்ஜென்சியில் எத்தனை பேரை முகத்தைப் பார்த்தே ஓரமாக உட்கார வைக்கிறேன்.

இரண்டாம் சுற்று விண்ணப்பங்களுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

போட்டுவிட்டேன். அம்மா மெஷினில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் போர்வை என் முழங்காலில் பட, அந்தக் கட்டத்தை நிரப்பினேன். ‘என் தாயார் சிறுநீரகச் செயலிழப்பால் பாதிக்கப்பட்டார். அவரைக் கவனிக்கும் முழுப் பொறுப்பும் என்மீது இருந்தது. அதனால்…’

எழுதும்போது ஒரு வார்த்தையைக்கூட அடித்துத் திருத்தவில்லை. அதுதான் சீ என்று இருந்தது.

ஆகஸ்ட் 28, வியாழன்

வந்துவிட்டது! ஒரு இடம். ஒன்றே ஒன்று. வேறு ஊர், பஸ்ஸில் நான்கு மணி நேரம். பெரிய ஆஸ்பத்திரி, சர்ஜரி துறைத் தலைவர் கண்டிப்பானவர், நேர்மையானவர் என்கிறார் மேடம். நேர்முகம் செப்டம்பர் 16.

அம்மா கிச்சனிலிருந்து ஓடி வந்தாள். ஓடக் கூடாது என்று கத்தினேன். “போடி, நீ சர்ஜன் ஆகப்போறே, நான் ஓடக் கூடாதா?” என்றாள். மூச்சு வாங்கியது. அப்பா வெளியே போய், என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் கட்டட லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வந்தார்.

காலண்டரைப் பார்த்தேன். 16ஆம் தேதி செவ்வாய். அப்பா கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

எப்படி எழுதுவது?

அம்மா மாடியில் துணி காயப்போடுகிறாள் என்று நினைத்தேன். நிலைக்கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். “சார், உண்மையைச் சொல்லணும்னா, எங்கம்மாவுக்குக் கிட்னி போனதுதான் காரணம். வாரத்துல மூணு நாள் அவங்ககூடவே ஆஸ்பத்திரியில இருக்க வேண்டியிருந்தது. படிக்க உட்கார முடியல.” மூன்றாவது தடவை சொல்லும்போது கதவருகில் நின்றிருந்தாள். கையில் காலி வாளி.

“அப்படியா நடந்துச்சு?” என்றாள்.

நான் உளறினேன். கண்ணாடிதான் சொல்லச் சொன்னாள், எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள், சும்மா ஒரு பேச்சுக்கு— என்னென்னவோ. அவள் வாளியைக் கீழே வைத்தாள். கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“ரொம்ப வேகமாப் பேசறே” என்றாள். “‘எங்கம்மாவுக்குக் கிட்னி போனது’ன்னு சொன்னதும் கொஞ்சம் நிறுத்து. எதிராளி உள்ளே வாங்கிக்கணும்ல? அப்புறம் அடுத்ததைச் சொல்லு. குரலை ஏத்தாதே. அழுதுடாதே, அழுதா நம்ப மாட்டாங்க.”

“அம்மா, வேண்டாம்மா.”

“சொல்லு. இன்னொரு தடவை சொல்லு, கேக்கறேன்.”

சொன்னேன். அவள் முன்னாலேயே, அவளைக் காரணமாக வைத்து, அவள் திருத்தத் திருத்தச் சொன்னேன். ஐந்தாவது தடவை, “இப்பச் சரியா இருக்கு” என்று எழுந்து போய்விட்டாள். வாளி அங்கேயே இருந்தது.

நான் ஒரு பிறவியா?

செப்டம்பர் 12, வெள்ளி

அம்மா ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறாள். ஆனால் எதற்கும் என்னைக் கூப்பிடுவதில்லை. மாத்திரையை அவளே எடுத்துக்கொள்கிறாள். நேற்று டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றியபோதும் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்தாள். “நீ போய்ப் படி. நான் பார்த்துக்கறேன்.” என்ன கேட்டாலும் இதே பதில்.

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்: எனக்கு வசதியாக இருந்தது. நிறைய படிக்க முடிந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய், பஸ்ஸில்

முடிந்தது. நன்றாகவே முடிந்தது.

மூன்று பேர். தலைவரை எல்லோரும் சீஃப் என்கிறார்கள். முதல் கேள்வியே அதுதான். “கை நல்ல கைன்னு உங்க மேடம் எழுதியிருக்காங்க. மார்க் ஏன் இப்படி?” சொன்னேன். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். சீஃப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எங்கம்மாவும் டயாலிசிஸ்ல இருந்தவங்கதான்” என்றார்.

நான் மடியிலிருந்த ஃபைலைப் பார்த்துக்கொண்டேன்.

“இங்க இடம் கிடைச்சா அம்மாவை என்ன பண்ணுவீங்க?”

“கூட்டிட்டு வந்துடுவேன் சார்.” இது மட்டும் சத்தியமான உண்மை.

அப்புறம் குடல் அடைப்பு பற்றிக் கேட்டார்கள். நூல் முடிச்சுப் போடச் சொன்னார்கள். ஒரு கையால் போட்டேன், இரண்டு கையாலும் போட்டேன். வெளியே வரும்போது கிடைத்துவிடும் என்று தோன்றியது. போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. நல்லவேளை, இன்று அம்மாவுக்குப் பிரஷர் இறங்கவில்லை போலிருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

அம்மா போய்விட்டாள்.

செப்டம்பர் 24, புதன்

எழுதினால்தான் தலைக்குள் சுற்றுவது நிற்கும் போலிருக்கிறது.

நேர்முகம் முடிந்து அன்று சாயங்காலம் வீடு வந்தேன். அம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கழுத்துவரை போர்வை. “சொன்னியா?” என்றாள். சொன்னேன் என்றேன். “நிறுத்தினியா?” நிறுத்தினேன். சிரித்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். “டயாலிசிஸ் எப்படிப் போச்சும்மா?” என்று கேட்டேன். “நல்லாப் போச்சு” என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

போர்வையை விலக்கி இடது கையைப் பார்க்கவில்லை. டயாலிசிஸ் முடிந்து வந்தால் கையில் பஞ்சும் பிளாஸ்திரியும் இருக்கும், மறுநாள் காலைவரை இருக்கும். முகம் லேசாக வீங்கித்தான் இருந்தது. சந்தோஷத்தில் அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன்! டாக்டராம் டாக்டர். எமர்ஜென்சிக்கு வருகிற எந்த நோயாளியாவது ‘நல்லா இருக்கேன்’ என்றால் அப்படியே நம்பி அனுப்பியிருக்கிறேனா? தொட்டுப் பார்க்காமல் விட்டது இவள் ஒருத்தியைத்தான்.

மறுநாள் புதன் காலை பல் துலக்கப் போனவள் வாஷ்பேசின் பக்கத்திலேயே சரிந்தாள். நெஞ்சை அழுத்தினேன். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, விடாமல் அழுத்தினேன். ஆம்புலன்ஸ் வந்தது, எங்கள் எமர்ஜென்சிக்கே கொண்டுபோனோம். மேடமே வந்து என் தோளைப் பிடித்து இழுத்து, “போதும்மா, விடு” என்று சொல்லும்வரை அழுத்திக்கொண்டுதான் இருந்தேன்.

பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை நிறுத்தியிருக்கிறது. சனிக்கிழமைக்குப் பிறகு அவள் மெஷினுக்கே போகவில்லை.

இன்று டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். டெக்னீஷியன் என்னைக் கண்டதும் அழுதுவிட்டார்.

“செவ்வாய்க்கிழமை காலையிலேயே போன் பண்ணினாங்க டாக்டர். நாளைக்கு வரேன்னாங்க. கூடாதும்மா, ரெண்டு நாள் இடைவெளிக்கு அப்புறம் தள்ளிப்போடக் கூடாதுன்னு எவ்வளவோ சொன்னேன். ‘எனக்கு பிரஷர் இறங்கினா நீங்க அவளுக்குப் போன் அடிச்சிருவீங்க. அவளும் எடுத்துருவா. இன்டர்வியூ நடுவுல எழுந்து வந்துருவா. ஏற்கெனவே என்னாலதான் அவ மார்க் போச்சு’ன்னாங்க. நான் அடிக்க மாட்டேம்மான்னு சத்தியம் பண்ணினேன் டாக்டர். ‘உங்களைத் தெரியாதா’ன்னு சிரிச்சுக்கிட்டே வச்சுட்டாங்க.”

என்னாலதான் அவ மார்க் போச்சு.

அவளுக்கு உண்மை தெரியும். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டவளே அவள்தானே. பிறகு ஏன் அப்படிச் சொன்னாள்? ஐந்து தடவை கேட்டதில் அவளே நம்பிவிட்டாளா? நான் அவ்வளவு நன்றாகவா சொன்னேன்?

செப்டம்பர் 30, செவ்வாய்

அப்பாவிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அவர் தன்னையே தின்றுகொண்டிருப்பார். “மெஷின் ரிப்பேராம், நாளைக்கு வரச் சொன்னாங்கன்னு சொன்னா. நான் நம்பிட்டேன். நானே ஒரு மெக்கானிக், என்ன ரிப்பேருன்னுகூட ஒரு வார்த்தை கேக்கலையே” என்று இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒத்திகை பார்த்தது, அம்மா கேட்டது, திருத்தியது, எல்லாம் சொன்னேன். அவர் என்னை அடித்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. அவர், “நல்லாச் சொல்லிக் கொடுத்தாளா?” என்றார்.

“கொடுத்தாப்பா.”

“அவ அப்படித்தான்” என்றார். அப்புறம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் போகவில்லை. போக எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அக்டோபர் 17, வெள்ளி

கிடைத்துவிட்டது. சர்ஜரி. அதே ஆஸ்பத்திரி.

கண்ணாடி போனில் கத்தினாள், பிறகு ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். மேடம் கட்டிப்பிடித்துக்கொண்டார். இந்த இடம் எனக்கு வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிடலாம் என்று காலை முழுக்க நினைத்தேன். அப்பாவிடம் கேட்டேன். “வேண்டாம்னு சொன்னா அவ எதுக்குச் செத்தா?” என்றார்.

போகப்போகிறேன். போக ஆசையாகவும் இருக்கிறது, அதுதான் கொடுமை.

நவம்பர் 3, திங்கள்

முதல் நாள். புதிய கோட்டு விறைப்பாக இருக்கிறது.

காலை ரவுண்ட்ஸில் சீஃப் என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். “இவங்க மார்க்கை யாரும் என்கிட்ட பேசக் கூடாது. அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போயிட்டே பரீட்சை எழுதினவங்க. உங்கள்ல எத்தனை பேரால முடியும்?” எல்லோரும் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் என் கையை லேசாகத் தொட்டாள்.

பிறகு தனியாகக் கூப்பிட்டார். “அம்மா எப்படி இருக்காங்க?”

வாயைத் திறந்தேன். “நல்லா இருக்காங்க சார்” என்று வந்தது. நானாகச் சொல்லவில்லை, வந்தது.

“வந்துட்டாங்களா ஊருக்கு? நம்ம டயாலிசிஸ் யூனிட்டுல ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். செவ்வாய், வியாழன், சனி, மத்தியானம். அந்த நேரத்துல உங்களுக்கு டியூட்டி போட வேண்டாம்னும் சொல்லிட்டேன். கூடவே இருங்க. நான் எங்கம்மாகூட இருந்ததில்லை.”

“தேங்க்யூ சார்” என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

சீஃப் சொன்ன மாதிரியே மத்தியானம் விட்டுவிட்டார்கள். “சீக்கிரம் போங்க டாக்டர், அம்மா காத்துட்டு இருப்பாங்க” என்று கூட இருக்கிறவர்கள் துரத்தாத குறை. எங்கே போவது? கால் தானாக டயாலிசிஸ் வார்டுக்குப் போயிற்று.

ஜன்னலோரப் படுக்கை. புது விரிப்பு விரித்து, மெஷினைக் கழுவித் தயாராக வைத்திருந்தார்கள். அம்மாவின் பெயர்கூட எழுதி ஒட்டியிருந்தது. நேர்முகத்தில் நான் கொடுத்த விவரங்களிலிருந்து எடுத்திருப்பார்கள். வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் முகமெல்லாம் ஊதி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள், என் வயதுதான் இருக்கும், அவர் காலைத் தன் மடியில் தூக்கி வைத்திருந்தாள்.

“அம்மா வரலையா டாக்டர்?” என்றாள் இந்த ஊர் டெக்னீஷியன். “வெளியே இருக்கற பெரியவருக்கு வேற ஆஸ்பத்திரியில மூணு வாரமா இடம் கிடைக்கலையாம். யாராவது வரலைன்னா கூப்பிடுங்கன்னு காலையிலேருந்து உட்கார்ந்திருக்காங்க. சீஃப் பிடிச்ச இடம், நான் எப்படிக் கொடுக்கறது?”

“கொடுத்துடுங்க” என்றேன். “எங்கம்மா வர மாட்டாங்க. இறந்துட்டாங்க. ஒன்றரை மாசம் ஆச்சு.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ரவுண்ட்ஸில் சீஃப் பேசியது அதற்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியிருக்கும். போய் அந்தப் பெயரைக் கிழித்தாள். பெரியவரை அவர் மகள் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனாள். போகும்போது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன், அவளுக்குப் புரியவில்லை.

இப்போது சீஃப் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே யாரோ இருக்கிறார்கள். அம்மா இறந்ததை மட்டும் சொன்னால் அவர் வருத்தப்படுவார், லீவு கொடுப்பார், இன்னும் மரியாதையாகப் பார்ப்பார். எனக்கு எல்லாம் அப்படியே இருக்கும். அதற்கு முன்னால் இருக்கும் பொய்யையும் சொன்னால் இந்தக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு நாளைக்கே நான் ஊருக்கு பஸ் ஏற வேண்டியிருக்கலாம். இனி விண்ணப்பிக்கவும் முடியாது. அப்பாவுக்கு என்ன சொல்வேன் என்று தெரியவில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது? அம்மாவிலிருந்தா?

இல்லை, மார்க்கிலிருந்துதான் ஆரம்பிக்கணும். மூணாம் வருஷம் பெயிலானதிலிருந்து.

கூப்பிடுகிறார்.